செட் ஆகிற வரைக்கும்

“அசையாதீங்க. இன்னும் செட் ஆகல.”

சொல்லிக்கொண்டே செட்டண்ணன் இடது காலை நீட்டி, சுவரோரம் கிடக்கும் ஸ்டூலைப் பாதத்தால் கொக்கி போட்டுத் தன் பக்கம் இழுக்கிறார். பாதி உடம்பை அதில் சாய்க்கிறார். கைகள் இரண்டும் வேலையில் இருக்கின்றன. யாரோ ஒரு வாத்தியாரின் முன்கை அவருடைய உள்ளங்கைகளுக்கு நடுவே கிடக்கிறது. அதைச் சுற்றி ஈர மாவுக்கட்டு. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வார். கதவு திறந்துகொண்டால் காலாலேயே சாத்துவார். விளக்கு சுவிட்சை நெற்றியால் முட்டிப் போட்ட நாளும் உண்டு. பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், நீண்ட நடைபாதை முடிகிற இடத்தில் இருக்கிறது மாவுக்கட்டு அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த வாளி, பஞ்சுச் சுருள்கள், மாவு ஏற்றிய துணிச் சுருள்கள், கட்டை வெட்டுகிற மெஷின். உடைந்த எலும்பை நேராக்குவது டாக்டர் வேலை. நேரான எலும்பு நேராகவே நிற்கும்படி கட்டுப் போட்டு, மாவு இறுகும்வரை பிடித்துக்கொண்டிருப்பது இவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி வாட்ச்மேன் முதல் எலும்பு டாக்டர் வரை எல்லாருக்கும் இவர் செட்டண்ணன். எலும்பு டாக்டர் இவரைவிட மூத்தவர். அவரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். ஏன் என்று கேட்டால், “அவர் பேரே அதுதானேய்யா” என்கிறார்.

மாவுக்கட்டில் ஒரு சங்கதி உண்டு. இறுகுகிற சமயத்தில் அதை விரல் நுனியால் பிடிக்கக் கூடாது. விரல் பதிந்த இடம் உள்ளே குழியாகி, அந்தக் குழி தோலை அழுத்தி அழுத்திப் புண்ணாக்கிவிடும். உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும். பழக்கம் எப்படித் தொற்றிக்கொண்டது பாருங்கள், செட்டண்ணன் இப்போது எதையும் விரலால் பிடிப்பதில்லை. டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிக்கிறார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் உள்ளங்கையை வைத்து முட்டுக் கொடுத்து நிற்கிறார். கண்டக்டர் ஒருநாள், “என்ன பெரியவரே, பஸ்ஸைத் தள்ளிட்டு வர்றீங்களா?” என்று கேட்டாராம்.

மாவு இறுகும்போது சூடேறும். எல்லோரும் அப்போதுதான் பயப்படுவார்கள். “ஒண்ணுமில்ல, சூடாகும், அப்புறம் ஆறும், அப்புறம் செட் ஆயிடும்” என்று இவர் ஒரே சுருதியில் சொல்வார். காலையில் சொல்லும்போது அதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கும். மதியத்துக்கு மேல் வெறும் வார்த்தைதான் இருக்கும். சாயங்காலம் “சூடாகும், ஆறும்” என்பதோடு நிறுத்திவிட்டு மிச்சத்துக்குத் தலையை ஆட்டுவார்.

ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் முழு நாளையும் ஓட்ட முடியுமா என்றால், இந்த அறையில் ஓட்டலாம். டாக்டர் எட்டிப் பார்த்து, “எலும்பு நல்லா செட் ஆகியிருக்கு” என்பார். நர்ஸம்மா வந்து, “அண்ணே, கத்தரிக்கோல் செட்டு எங்க போச்சு?” என்பாள். வார்டு பாய் போனில் யாரிடமோ கொஞ்சிவிட்டு வந்து, “அண்ணே, நமக்கு செட் ஆயிடுச்சுண்ணே” என்று வெட்கப்படுவான். அடுத்த வாரமே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “அது நமக்கு செட்டாவாதுண்ணே” என்பான். செட்டண்ணன் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: “சரி, வாளியில தண்ணி மாத்து.”

சாப்பாட்டு நேரத்தில் ஒரு காலத்தில் இவருடைய செட்டு என்று ஒரு கூட்டம் இருந்தது. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். எக்ஸ்ரே எடுப்பவர், சமையற்கட்டுக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர். ஒருவர் மகனோடு போய்விட்டார், ஒருவர் படுத்துவிட்டார், ஒருவர் போயே போய்விட்டார். இப்போது புதுப் பிள்ளைகள் தனி செட்டாக உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர் அறையிலேயே, கட்டிலின் ஓரத்தில் காகிதத்தை விரித்துச் சாப்பிட்டுவிடுகிறார். சாப்பாட்டிலும் மாவு வாசனைதான் அடிக்கும். சம்சாரம் எது சமைத்தாலும் அவருக்கு அதே ருசிதான் என்பது அவளுடைய நெடுநாள் வருத்தம்.

வீட்டிலும் அந்த வார்த்தை இவரை விட்டபாடில்லை. வீட்டம்மா வாய்த்துடுக்கு உள்ளவள். அலமாரிக் கதவு ஒன்று பல காலமாக இழுத்தால் கையோடு வருகிறது. “ஊர்ல இருக்கிறவங்க எலும்பெல்லாம் செட் ஆகுது. நம்ம வீட்டுக் கதவு மட்டும் செட் ஆக மாட்டேங்குது” என்பாள். இவருக்கு முன்பல் போய், பல் செட் வைத்ததிலிருந்து இன்னொரு வம்பு. அது வாயில் நிற்காது. இரவில் கிளாஸ் தண்ணீரில் மிதக்கும் அதைப் பார்த்து அவள், “உங்க செட்டுல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்” என்றாள். அன்று மட்டும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

காலால் இழுக்கும் பழக்கத்தை மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் கை சும்மா இருக்கும்போதும் இவர் நாற்காலியைக் காலால்தான் இழுப்பார். தலையணையை, பேப்பரை, பையை, எல்லாவற்றையும்.

“ஏங்க, ஆண்டவன் கையைக் குடுத்திருக்கான்ல? அதை எதுக்கு வெச்சிருக்கீங்க?”

“அது டூட்டி முடிஞ்சு தூங்குதுடி,” என்பார்.

இன்னொரு வினோதமும் உண்டு. கட்டுப் போட்டு முடித்ததும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரலின் நகத்தை ஒரு அழுத்து அழுத்துவார். நகம் வெளுக்கும். விட்டதும் ரத்தம் திரும்பி வந்து சிவக்க வேண்டும். உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது, கட்டு சரி. தாமதமானால் கட்டு இறுக்கம். அழுத்திவிட்டு, விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, “வலிக்குதா?” என்பார். இது முற்றிப்போய், கடைக்காரர் மிச்சச் சில்லறை நீட்டினாலும் அவர் நகத்தை அழுத்திப் பார்த்துவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக அறிமுகமாகிக் கை குலுக்க வந்து, நகத்தை அழுத்தக் கொடுத்துவிட்டு, இது என்ன வகை மரியாதை என்று தெரியாமல் விழித்தார்.

“வலிக்குதா?” என்று அவர் கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. இந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. எலும்பு டாக்டர் போட்டது, செட்டண்ணன் காப்பது. கட்டுப் போட்டுக்கொண்டவர் திரும்பி வந்து வலிக்கிறது என்றால், எதிர்க்கேள்வி கிடையாது. கட்டை வெட்டித் தளர்த்த வேண்டியதுதான். உள்ளே வீங்கியிருக்கலாம், ரத்தம் நின்றிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கட்டு பளபளவென்று அழகாக இருக்கும். உள்ளே கை செத்துக்கொண்டிருக்கும். “உள்ள இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்றதை நம்பு” என்பார் டாக்டர். செட்டண்ணன் இத்தனை காலத்தில் ஒருவரையும், ஒருமுறைகூட, ‘சும்மா சொல்றீங்க’ என்று திருப்பி அனுப்பியதில்லை.

இப்படிப்பட்டவர்தான் பெற்ற மகளைத் திருப்பி அனுப்பினார்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். கல்யாணத்துக்கு முன்னால் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாது. அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களையெல்லாம் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். சேலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிப்போன அம்மாளை அவள் நடித்தபோது செட்டண்ணனுக்குப் புரை ஏறிவிட்டது. அவருடைய வீட்டில் ரேடியோவே தேவைப்படவில்லை. நாள் முழுக்க முதுகு வளைத்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் பேச்சுதான் தைலம்.

நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு நிலையான வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்து, “பொண்ணை செட்டில் பண்ணியாச்சு” என்றார். அவர் கணக்கில் ‘செட்டில்’ என்பது ‘செட்’டுக்கு அண்ணன். இனி அசையாது என்று அர்த்தம்.

சில மாதம் கழித்து மகள் தனியாக வந்து நின்றாள். “எனக்கு அங்க செட் ஆகலப்பா,” என்றாள்.

அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கால் கழுவவில்லை. செருப்பில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

“அடிச்சானா?”

“இல்லப்பா.”

“குடிக்கிறானா?”

“இல்லப்பா.”

“அப்புறம் என்னதாம்மா?”

“நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டுறாங்கப்பா. அவர் மட்டும் இல்ல, அங்க எல்லாருமே. நான் என்ன சொன்னேன்னு யாருமே கேக்க மாட்டாங்க. எனக்கு என் குரலே மறந்துபோயிடும் போல இருக்கு.”

செட்டண்ணனுக்கு, உண்மையைச் சொன்னால், சிரிப்பு வந்தது. கை நசுங்கியவன், கால் முறிந்தவன், இடுப்பு உடைந்தவன் என்று பார்த்துவிட்டு வருகிற மனுஷன். இதெல்லாம் ஒரு வலியா? தலையை வருடி, “புதுக் கட்டு அப்படித்தாம்மா, இறுக்கமா இருக்கும். ஒட்டாத மாதிரியே இருக்கும். கொஞ்ச நாள் அசையாம இரு. தானா செட் ஆயிடும்,” என்றார். அந்த வாரமே அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. வாய்த்துடுக்கானவள் பேசாமல் இருந்ததை அவர் கவனித்திருக்கலாம்.

மறுபடி அவள் வந்தபோது சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு வந்தாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை வாசல் கதவுக்கு உள்ளே சுவரை ஒட்டி நிறுத்தினாள். நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தது. தேவையான துணியை மட்டும் ஜிப்பைத் திறந்து எடுப்பாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்ப உள்ளே வைத்து மூடுவாள். “அலமாரியில வைடி” என்று அம்மா சொன்னாலும் கேட்கவில்லை. அப்பா சொல்லட்டும் என்று அவள் காத்திருப்பது அம்மாவுக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்தது. அவர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வரப் பழகிக்கொண்டார்.

அதைவிடக் கொடுமை அந்த மௌனம். “சாப்பிட்டியா?” என்றால் “ம்”. “தூக்கம் வருதா?” என்றால் “ம்”. ஒருநாள் அவரே வலியப் போய், “அந்தக் கைக்குட்டைக்காரம்மா ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். அவள் லேசாக உதட்டை இழுத்தாள். அவ்வளவுதான். இவர் டீ கிளாஸை வாங்கும் சாக்கில் அவள் நகத்தை அழுத்தப் போனால், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் கிளாஸைக் கையில் கொடுப்பதே இல்லை, தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. செட்டண்ணனுக்கு உடம்பு முழுக்க அலுப்பு. முதுகு ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தியம்மா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தானும் மகனும் தன் தம்பியும் வருவதாகவும், பெண்ணைக் கையோடு கூட்டிப்போவதாகவும் சொன்னாள். “வாங்க, வாங்க, தாராளமா வாங்க,” என்றார் இவர். பேசி முடித்துத் திரும்பினால், மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போய், கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மாவுக்கட்டு அறைக்கு ஒரு ஆள் வந்தான். மூட்டை தூக்குகிறவன். கதவை அடைக்கிற உடம்பு. முந்தின நாள்தான் காலில் இவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டு போனவன். இப்போது குழந்தை போல அழுதுகொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கூட வந்த பெண்டாட்டியும் மச்சானும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஊசிக்கே ஒப்பாரி வைக்கிற ஆளுங்க இவரு,” என்றாள் பெண்டாட்டி. “நேத்து ராத்திரியிலேருந்து ஒரே பாட்டு. கட்டு பாத்தா நல்லாத்தானே இருக்கு?”

“லீவு போடுறதுக்கு வழி பண்றாரு,” என்றான் மச்சான்.

செட்டண்ணன் அவன் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். வெளுத்தது. சிவக்க அதற்கு மனம் வரவில்லை. “நகருங்க,” என்று இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு மெஷினை எடுத்தார். அது போடுகிற சத்தத்தில் ஆள் நடுங்கினான். வழக்கம்போல் ஓடுகிற மெஷினைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்காட்டி, “தோலை வெட்டாதுப்பா, கட்டை மட்டும்தான் வெட்டும்,” என்றார். மேலிருந்து கீழ்வரை பிளந்து, பிளவை விரித்து, பஞ்சையும் வெட்டித் தளர்த்தினார். உள்ளே கால் பொம்மென்று வீங்கி, பளபளத்தது. அவன் ஒரு பெரிய மூச்சு விட்டான். முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் ஒரே நொடியில் இறங்கிப்போனது. “அம்மாடி,” என்றான், வேறொன்றும் சொல்லத் தெரியாமல். நகம் மெல்லச் சிவந்தது.

பெண்டாட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. “எங்களுக்கு என்னங்க தெரியும்? பாக்கறதுக்கு நல்லாத்தானே இருந்துச்சு.”

“பாத்தா தெரியாதும்மா. வலிக்குதுன்னு சொன்னா நம்பணும்,” என்றார் செட்டண்ணன். எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அது வாயைவிட்டு வெளியே போனதும் அவருக்குள்ளேயே திரும்பி இறங்கியது. மெஷினை நிறுத்த மறந்து நின்றார். வார்டு பாய் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, “என்னண்ணே, நின்னுட்டே தூங்குறீங்களா?” என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது பெட்டியைச் சுற்றிக்கொண்டு வராமல் அதன் முன்னால் நின்றார். ஜிப் ஒரு பல் விடாமல் மூடியிருந்தது. மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். பல் செட்தான் கழன்றது. நாளெல்லாம் பேசுகிற அந்த ஒரே வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை அவரிடம் இல்லை, அதையும் ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். வீட்டம்மா இருட்டில், “நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்றாள். “பாக்கலாம்,” என்றார். பார்க்க ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேர் பெத்த மாப்பிள்ளை, மூன்று பேர் மெனக்கெட்டு வருகிறார்கள், என்ன குறை என்று கேட்டால் டிவி சத்தம் என்றா சொல்வது?

வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். பழம் வாங்கி வந்தார்கள், முதுகு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். பேச்சில்லாமல் திணறும்போது துணைக்கு இருக்கட்டும் என்று வீட்டம்மா டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ரிமோட் மாப்பிள்ளை பக்கத்தில் கிடந்தது. சம்பந்தியம்மாவின் தம்பி, பேசிப் பழகிய ஆள், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சின்னஞ்சிறுசுங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். நாளாக நாளாக செட் ஆயிடும். எலும்பையே செட் பண்ற ஆளு நீங்க, உங்களுக்கு நாங்க சொல்லணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். செட்டண்ணனும் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டினார்.

மகள் டீத் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் கிளாஸை வைத்தாள். அப்பாவுக்கு மட்டும் வழக்கம்போலத் தரையில், அவர் காலடியில். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள். குரல் கரகரத்தது. இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம்.

மாப்பிள்ளையின் கை ரிமோட்டுக்குப் போனது. அவள் பக்கம் திரும்பவில்லை. கட்டைவிரல் அழுத்தியது. திரையின் அடியில் கட்டம் கட்டமாகக் கோடு ஏறியது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் வீட்டை நிறைத்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை, வன்மம் இல்லை. ஈ வந்து உட்கார்ந்தால் கை தானாக விசிறுமே, அப்படிச் செய்தான். சம்பந்தியம்மா அந்தச் சத்தத்துக்கு மேலாகத் தன் குரலை உயர்த்தி, பஸ் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஒன்றும் நடந்த மாதிரியே இல்லை. மகள் வாயை மூடிக்கொண்டாள். அதுவும் பழகிப்போன மாதிரிதான் இருந்தது.

செட்டண்ணனுக்கு வெட்கம் முகத்தில் சுட்டது. பளபளவென்ற கட்டு, நல்ல வேலை, நல்ல குணம், பழம் வாங்கி வந்த கை. நானும் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்றேனே, என் பெண் சொன்னாளே, வாய்விட்டுச் சொன்னாளே.

எழுந்து போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். திடீரென்று வந்த அமைதியில் சம்பந்தியம்மாவின் உரத்த குரல் தனியாகத் தொங்கி, அப்புறம் நின்றது. “கரண்ட் போயிடுச்சா?” என்றான் மாப்பிள்ளை.

“இல்ல மாப்பிள்ளை,” என்றார். திரும்ப வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். “உக்காரும்மா.”

அவள் உட்கார்ந்தாள். அவர் கையை நீட்டினார். இந்தத் தடவை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார், விட்டார், விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“அன்னைக்கே சொன்னேனேப்பா,” என்றாள். கண் நிறைந்துவிட்டது.

“சொன்ன. நான்தான் நம்பல. இப்ப சொல்லும்மா. எல்லாம் சொல்லு. நான் அசைய மாட்டேன்.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் வார்த்தைகள் தட்டுத் தடுமாறி வந்தன. அந்த வீட்டில் ஒருநாள் உப்புத் தீர்ந்துபோனதைச் சொல்ல அவள் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டியதைச் சொன்னாள். காய்ச்சலில் படுத்திருந்து தண்ணீர் கேட்டபோது அடுத்த அறையில் பாட்டுச் சத்தம் ஏறியதைச் சொன்னாள். யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று துணிக்கடை வாடிக்கையாளர்களை நடித்துப் பார்த்ததையும், பாதியில் குரல் வராமல் போனதையும் சொன்னாள். செட்டண்ணன் அவள் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏந்தியிருந்தார். விரல் படவில்லை. வீட்டம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“நான் டிவி பாக்குறது ஒரு தப்பா?” என்றான் மாப்பிள்ளை, நிஜமாகவே புரியாமல். மகள் பேசிக்கொண்டே போனாள்.

சம்பந்தியம்மா பொறுமை இழந்தாள். “இதெல்லாம் ஒரு குறையா? கேக்கவே சிரிப்பா இருக்கு. போகப் போக எல்லாம் சரியாயிடும். டேய் தம்பி, பெட்டியை எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

தம்பி எழுந்தார். கதவோரம் நின்ற பெட்டியின் பக்கம் குனிந்து கையை நீட்டினார்.

செட்டண்ணனின் கைகள் இரண்டும் வேலையாக இருந்தன. மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது காலை மட்டும் நீட்டி, பெட்டியைப் பாதத்தால் கொக்கி போட்டு இழுத்து, தன் நாற்காலியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.